அண்ணி எடுத்து வச்ச பால்

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் என் அண்ணன் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கதவை இடுப்பால ஒரு இடி இடிச்சாத்தான் மூடும். குழந்தை பொறந்ததுல இருந்து அந்த ஃப்ரீசர்ல ஒரு ஐஸ் தட்டு வைக்கக்கூட எனக்கு இடமில்லாமப் போச்சு. திறந்தா பூராவும் அண்ணி எடுத்து வச்ச தாய்ப்பால் பைதான். தட்டையா உறைஞ்சு, மேல தேதி எழுதி, பழசு முன்னாடி, புதுசு பின்னாடின்னு அடுக்கி வச்சிருக்கும். "அண்ணி, வெயில் மண்டையைப் பொளக்குது, ஒரே ஒரு தட்டு வச்சுக்கறேனே"ன்னு கெஞ்சிப் பாத்தேன். "உன் ஐஸை நீ வேலை பாக்கற பியூட்டி பார்லர்ல போய் வச்சுக்க. இது என் புள்ளை சாப்பாடு"ன்னுட்டாங்க.

நாத்தனார் வாயைத் திறந்தாலே அண்ணியைக் குறை சொல்லத்தான்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும், எனக்கென்ன. எனக்கு வாய் நீளம், ஒத்துக்கறேன். அண்ணி என்னைக் கூப்பிடறதே 'வாயாடி'ன்னுதான். ஆனா அந்தப் பொம்பளை பட்ட பாட்டைக் கூடவே இருந்து பாத்தவ நான். நான் சொல்லாம வேற யாரு சொல்றது? என் அண்ணனா? அவனுக்கு வேன் ஓட்டணும், வந்து விழணும், எழுந்து மறுபடியும் ஓட்டணும். தங்கமானவன்தான். வீட்டுல என்ன நடக்குதுன்னு கேட்டா மட்டும் திருதிருன்னு முழிப்பான்.

அண்ணி ஹாஸ்டல்ல வளந்தவங்க. அம்மா கிடையாது. அப்பா வேற குடும்பம் பண்ணிக்கிட்டுப் போயிட்டாரு. ஹாஸ்டல்ல மணி அடிச்சதும் வரிசையில போய் நிக்கணுமாம், கொஞ்சம் பிந்தினாலும் பாத்திரம் காலி. காய்ச்சல்ல சுருண்டு கிடந்த அன்னிக்குக்கூட அவங்களுக்குன்னு ஒரு கரண்டி யாரும் எடுத்து வச்சதில்லையாம். கல்யாணமாகி வந்த புதுசுல நான் வேலை முடிஞ்சு லேட்டா வந்தா, எனக்குன்னு ஒரு தட்டுல போட்டு மூடி வச்சிருப்பாங்க. வெளியில தின்னுட்டு வந்துட்டேன்னு சொன்னேனோ, மூஞ்சி அப்படியே தொங்கிப் போகும். எனக்கு முதல்ல எரிச்சலா இருந்துச்சு. இதென்னடா, பசிக்கலன்னாலும் திங்கணுமான்னு. அந்த ஹாஸ்டல் கதையைக் கேட்டதுக்கப்புறம் வயிறு நிறைஞ்சிருந்தாலும் மூச்சு விடாம உக்காந்து சாப்பிட்டேன்.

அண்ணிக்கு பார்சல் கிடங்குல வேலை. ஓடற பெல்ட்டுல பெட்டி வந்துக்கிட்டே இருக்கும், ஸ்கேனரைக் காட்டி வகை பிரிச்சுத் தள்ளணும். கான்ட்ராக்ட் ஆளுங்க. பிரசவ லீவு முடிஞ்ச அன்னிக்குப் போய் நிக்கலன்னா அந்த இடத்துல வேற ஒருத்தி நிப்பா. அண்ணன் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் வச்சு வாடகை குடுத்துட்டு மூணு பேரும் குழந்தையும் காத்தைக் குடிக்க முடியாது. அதனால வேலைக்குத் திரும்பப் போறதுல பேச்சுக்கே இடமில்ல.

குழந்தை எட்டு மாசத்துலயே அவசரமா வந்து பொறந்தவன். கையில தூக்கினா காத்து மாதிரி இருப்பான். ஆனா அழுதா வீடே எழுந்து நிக்கணும், அவ்வளவு அதிகாரம். நான் 'துரை'ன்னு பேர் வச்சேன், அதுவே நின்னுடுச்சு. டாக்டரம்மா துரையைப் பாத்துட்டு, "இவனுக்கு மருந்து, டானிக் எல்லாம் உன் பால்தான். அரை வருஷமாவது அதையே குடு"ன்னாங்க. அண்ணி அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. "நான் பக்கத்துல இல்லன்னாலும் என் பால் இருக்கணும் வாயாடி. என் புள்ளைக்கு எடுத்து வைக்க ஆள் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. சொல்றப்ப அந்தக் கண்ணுல ஒரு பெருமை இருக்கும் பாருங்க, ஏதோ நாட்டையே ஆளப்போற மாதிரி.

அப்பத்துல இருந்து சேக்க ஆரம்பிச்சாங்க. விடியறப்ப ஒரு பக்கம் துரை குடிப்பான், இன்னொரு பக்கம் பால் எடுக்கற பம்ப் வச்சிருப்பாங்க. சர்ர்க், சர்ர்க்னு அது பாட்டுக்கு இழுக்கும். அண்ணிக்குத் தூக்கத்துல தலை ஆடும், கை மட்டும் பாட்டிலை விடாது. ஒரு தடவை அண்ணன் கை பட்டு பாட்டில் கவிழ்ந்துடுச்சு. தரையைத் தொடைக்காம அங்கயே உக்காந்து விம்மி விம்மி அழுதாங்க. அண்ணன் அதுக்கப்புறம் பம்ப் சத்தம் கேட்டாலே சுவரோரமாத்தான் நடப்பான், பாவம்.

பம்ப்பைக் கழட்டிக் கழுவறது, பாட்டிலைச் சுடுதண்ணியில போடறது எல்லாம் என் டிபார்ட்மெண்ட். நான் காலையில கொஞ்சம் லேட்டாத்தான் பார்லருக்குப் போவேன், அதனால இந்த வேலையை நானே இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

லீவு முடியறதுக்கு முன்னாடி, பகல்ல குழந்தைங்களைப் பாத்துக்கற காப்பகத்துல போய்ப் பேசிட்டு வந்தோம். நீல மெத்தை விரிச்ச ஒரு ஹால், ஒரு மூலையில சின்ன ஃப்ரிட்ஜ், அதுக்குள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அங்க பாத்துக்கற அக்கா நல்ல மாதிரி. "இங்க குடுக்கப்போறதை வீட்டுலயே ஒரு தடவை குடுத்துப் பழக்கிட்டு வாங்கம்மா"ன்னு சொன்னாங்க. நாங்களும் பழக்கினோம். அண்ணி அப்பத்தான் எடுத்த பாலை பாட்டில்ல ஊத்தி நான் குடுத்தேன். துரை மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு ஒரு ஏப்பம் விட்டான் பாருங்க, எங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. பாஸாயிட்டான்னு முடிவு பண்ணிட்டோம்.

ஃப்ரீசர்ல இருந்து ஒரு பையைக்கூட எடுத்து உருக்கிக் குடுத்துப் பாக்கல. அண்ணிக்கு மனசு வரல. "நான்தான் பக்கத்துலயே இருக்கேனே, இருக்கறப்ப எதுக்கு சேத்து வச்சதுல கை வைக்கணும்?"னாங்க. சரியாத்தானே சொல்றாங்கன்னு எனக்கும் பட்டுச்சு. யாருக்குத்தான் படாது?

முதல் நாள் அண்ணி பையில பால் பைகளை ஐஸ் வச்சுக் கட்டினாங்க, கோயிலுக்குக் கொண்டு போற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. துரையை விட்டுட்டுத் திரும்பறப்ப அழலை. "சாப்பாடு குடுத்துட்டுத்தானே போறேன்"னு எனக்கு ஆறுதல் சொன்னாங்க. சாயங்காலம் நான் போய்த் தூக்கினப்ப அந்த அக்கா முகம் சரியில்ல. "ஒரு வாய் வாங்கினான், துப்பிட்டான். நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன்மா. அழுது அழுது தூங்கிட்டான்."

புது இடம், ஏக்கமா இருக்கும்னு சொல்லிக்கிட்டோம். மறுநாளும் அதே கதை. பாட்டில் ரப்பரை மாத்தினோம். அண்ணியோட துவைக்காத நைட்டியைக் குடுத்தனுப்பி, அதைச் சுத்திக்கிட்டு ஊட்டச் சொன்னோம். அந்த அக்கா பாவம், நைட்டியைப் போத்திக்கிட்டு, பாட்டுப் பாடி, வேடிக்கை காட்டி, என்ன பண்ணியும் துரை வாயை இறுக்கி மூடிக்கிட்டான். பகல் முழுக்கப் பட்டினி. சாயங்காலம் அண்ணி வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள பாஞ்சு ஒட்டிக்குவான். அப்புறம் விடவே மாட்டான். அண்ணிக்குச் சாப்பிட நேரமில்ல, குளிக்க நேரமில்ல. எடை பாக்கப் போனப்ப முள் கீழ இறங்கியிருந்துச்சு. சின்னப் புள்ளைக்கு எடை இறங்கினா எப்படி இருக்கும்?

அப்பத்தான் அந்தக் காப்பக அக்கா தயங்கித் தயங்கி அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. "தப்பா நினைக்காதீங்கம்மா. பால்ல சோப்பு வாசனை அடிக்குது. பாட்டிலைச் சரியா அலசறதில்லையோ?"

அன்னிக்கு நான் வீட்டுக்குள்ள காலை வைக்கறேன், அண்ணி நடுக் கூடத்துல நிக்கறாங்க.

"உன் கையை மோந்து பாரு."

"என்ன அண்ணி?"

"மோந்து பாரு! ஷாம்பு, க்ரீம், கண்டதையும் நாள் பூரா தடவிட்டு வந்து அந்தக் கையால என் புள்ளை பாட்டிலைக் கழுவறே. அவன் சோப்பைக் குடிச்சிட்டிருக்கான் வாயாடி. உனக்குச் செய்யப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே, நான் செஞ்சுக்கிட்டிருப்பேனே!"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "காலையில எழுந்து கழுவறது நானு, கை வெந்து போறது எனக்கு, பேச்சு கேக்கறதும் நானா? நீங்க பெத்த புள்ளை, எனக்கென்ன தலையெழுத்தா?"ன்னு கத்திட்டேன். துரை அலறினான். அண்ணன் வந்து ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துட்டு, "வேன்ல சாவியை விட்டுட்டேன்"னு வந்த வழியே இறங்கிப் போயிட்டான். சாவி கையில ஆடிக்கிட்டிருக்கு!

நான் விடல. சோப்பே படாத ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வெறும் தண்ணியில கொதிக்க வச்சேன். ஃப்ரீசர்ல இருந்து ஒரு பையை எடுத்து, "நீங்களே ஊத்துங்க, என் கை படவேண்டாம்"னு நீட்டினேன். அண்ணி வெந்நீர்ல பையை வச்சு உருக்கி டம்ளர்ல ஊத்தினாங்க. மூக்குகிட்ட கொண்டு போனாங்க. அப்படியே நின்னாங்க. நான் டம்ளரைப் பிடுங்கி மோந்தேன். அச்சு அசல் சோப்புத் தண்ணி. நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன், துணி துவைக்கற கட்டியை நக்கின மாதிரி இருந்துச்சு. இன்னொரு பை உருக்கினோம். அதுவும் அப்படித்தான். பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு எடுத்தோம். எல்லாம் அதே வாசனை.

அண்ணி என்னை நிமிந்து பாத்தாங்க. "உன்னைப் போய்ச் சொன்னேனே"ன்னாங்க. எனக்குக் கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

கிளினிக்ல இருந்த சிஸ்டருக்கு இது தெரிஞ்சிருந்துச்சு. சில பேர் பால் அப்படித்தானாம். எடுத்து வச்சா பாலே தன்னால அந்த வாசனைக்கு மாறிடுமாம், ஃப்ரீசர்ல வச்சாலும் நிக்காதாம். "கெட்டுப் போகல, குடிச்சா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. சில குழந்தைங்க குடிச்சுடும், சிலது தொடாது"ன்னாங்க. அண்ணி, "இதுக்கு என்ன பண்ணியிருக்கணும் சிஸ்டர்?"னு கேட்டாங்க. "ஒண்ணுமில்லம்மா, எடுத்தவுடனே அடுப்புல வச்சு, ஓரத்துல குமிழ் வர்றப்பவே இறக்கி, சட்டுன்னு ஆற வச்சு ஃப்ரீசர்ல போட்டிருந்தா வாசனை வந்திருக்காது. ஆனா வைக்கறதுக்கு முன்னாடி செய்யணும். இப்ப சூடு பண்ணி என்ன பிரயோஜனம்?"

வீட்டுப் படியேறறப்ப அண்ணி நின்னு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரு பையை உருக்கிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். ஒரு பைக்குக் கஞ்சத்தனம் பண்ணினேன்"னாங்க. "விடுங்க அண்ணி, இனிமே சூடு பண்ணி வைப்போம்"னேன்.

சூடு பண்ணினோம். அடுப்பை மெல்லமா வச்சு, குமிழ் வருதான்னு ரெண்டு பேரும் தலையை முட்டிக்கிட்டுப் பாப்போம். அந்தப் பையை துரை குடிச்சான்! காப்பக அக்கா போன் பண்ணி, "சுத்தமா காலி பண்ணிட்டான்மா"ன்னு சொன்னப்ப நான் பார்லர்ல ஒரு அம்மாவுக்கு முடி வெட்டிக்கிட்டிருந்தேன். நான் குதிச்ச குதியில அந்த அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.

ஆனா அண்ணிக்குப் பால் குறைஞ்சு போச்சு. இதுதான் எங்க யாருக்கும் பிடிபடாத கணக்கு. வீட்டுல இருந்தப்ப நைட்டி நனைய வழிஞ்ச பால், கிடங்குக்குப் போனதும் இறங்க மாட்டேங்குது. பம்ப் வைக்க அங்க இடம் ஏது? முதலுதவி ரூம்ல தாழ்ப்பாள் உடைஞ்சு கிடக்கு, கதவுல முதுகைச் சாத்திக்கிட்டு நின்னுக்கிட்டே எடுக்கணும். வெளியில சூப்பர்வைசர், எந்நேரமும் வாட்ச்சைத் தட்டித் தட்டிப் பாக்கற ஆள், அவருக்குக் கடிகாரம்னே பேரு. "இன்னும் எவ்வளவு நேரம்மா, பெல்ட்டு நிக்குது"ன்னு குரல் குடுப்பாரு. பயந்துக்கிட்டே எடுத்தா எங்க வரும்? பாட்டில் அடியில நாலு சொட்டு நிக்கும். அதையும் கேண்டீன் ஃப்ரிட்ஜ்ல வச்சா, ஒரு நாள் எவனோ ஒருத்தன் "டீக்குப் பால் கிடைச்சுடுச்சு"ன்னு எடுத்து ஊத்திக்கிட்டான். விஷயம் தெரிஞ்சதும் கிடங்கே விழுந்து விழுந்து சிரிச்சுதாம். "நானும் சிரிச்சேன்"னுதான் அண்ணி சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் இருந்தாங்க. குளிக்கல. தலை காஞ்சுதான் இருந்துச்சு.

வீட்டுல காலையில ஒரு பை, அதுவும் அரைப் பை தேறும். மிச்சப் பகலுக்கு துரைக்கு என்ன குடுக்கறது? எடை இறங்கின புள்ளையை இன்னும் பட்டினி போட முடியுமா? டாக்டரம்மாவே, "போதும்மா, டப்பாப் பால் குடு, புள்ளை தேறட்டும்"னு சொல்லிட்டாங்க. நானும் சொன்னேன். "நானே டப்பாப் பால்ல வளந்தவ அண்ணி, எனக்கென்ன குறைச்சல்? வாய்தான் கொஞ்சம் அதிகம்." அண்ணி சிரிக்கல. டப்பாவை வாங்கி வந்து அலமாரியில வச்சதும் நான்தான், கலக்கினதும் நான்தான். அண்ணி அந்தக் கரண்டியைத் தொடக்கூட இல்ல.

துரை தேறினான். அதைச் சொல்லாம இருக்கக்கூடாது. கன்னம் வந்துச்சு, தொடையில மடிப்பு விழுந்துச்சு. எனக்குச் சந்தோஷமாவும் இருக்கும், அண்ணி முகத்தைப் பாத்தா அந்தச் சந்தோஷத்தை எங்க வைக்கறதுன்னும் தெரியாது.

ஒரு லீவு நாள்ல அண்ணி ஃப்ரீசரைத் திறந்து பைகளை எல்லாம் பாத்திரம் கழுவற தொட்டியில போட்டாங்க. "இருக்கட்டுமே அண்ணி, வேற ஏதாவது வழி கேட்டுப் பாப்போம்"னேன். "புதுப் பாலோட கலந்து குடுத்தும் பாத்தாச்சு, துப்பிட்டான். இன்னும் என்ன வழி?"ன்னு கத்திரிக்கோலை எடுத்தாங்க. ஒவ்வொரு பையா வெட்டி ஊத்தறதுக்கு முன்னாடி தேதியைப் பாப்பாங்க. "இது ஊசி போட்ட அன்னிக்கு. பூரா நேரமும் அழுதான்ல, தோள்ல போட்டுக்கிட்டே எடுத்தது." "இது எனக்குக் காய்ச்சல்." நான் போய்க் கத்திரிக்கோலைக் கேட்டேன், குடுக்கல. தொட்டி பூரா வெள்ளையா நிறைஞ்சு, மெதுவா சுழிச்சுக்கிட்டு உள்ள போச்சு. வீடு முழுக்க அந்த சோப்பு வாசனை. அண்ணன் அன்னிக்கு எங்கயும் ஓடல. வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தான், அப்புறம் வந்து அண்ணி முதுகுல கையை வச்சான். அண்ணி கையைத் தள்ளி விட்டுட்டு அடுத்த பையை எடுத்தாங்க.

அப்பவும் சாயங்காலமும் காலையிலயும் துரை அண்ணிகிட்ட குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். அது ஒண்ணுதான் அவங்களுக்கு மிச்சம். "போகட்டும், வீட்டுலயாவது என்கிட்ட வர்றானே"ன்னு சொல்லிக்குவாங்க. ஆனா பாட்டில்ல உறிஞ்சினா உடனே வருது, அம்மாகிட்ட வந்தா காத்திருக்கணும். துரைக்கு எங்க பொறுமை? கொஞ்சம் கொஞ்சமா முரண்டு பிடிக்க ஆரம்பிச்சான். ரெண்டு இழுப்பு இழுப்பான், விட்டுட்டுக் கத்துவான். அண்ணி, "இருடா, வரும்டா, இருடா கண்ணு"ன்னு கெஞ்சுவாங்க. கிடங்குல கடிகாரத்துகிட்டகூட அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டாங்க.

போன வாரம் லீவு நாள். துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். துரை பசிச்சு எழுந்தான். அண்ணி ஓடிப் போய்த் தூக்கி, சுவத்துல சாஞ்சு உக்காந்து, நைட்டியை விலக்கி அணைச்சாங்க. அவன் முகத்தைத் திருப்பினான். இந்தப் பக்கம் மாத்தினாங்க. முதுகை வில்லா வளைச்சு, காலால அவங்க வயித்துல உதைச்சு, என்னைப் பாத்துக் கையை நீட்டி வீறிட்டான். என்னைன்னா என்னையா? பாட்டில் குடுக்கற ஆளை. நான் மடிச்ச துணியை வச்சுக்கிட்டு அசையாம இருந்தேன். அவன் அழுத அழுகையில முகமெல்லாம் கறுத்துப் போச்சு.

"கலக்கு வாயாடி"ன்னாங்க அண்ணி.

"இன்னும் கொஞ்சம் பாருங்க அண்ணி."

"பசியில இருக்கறவனைக் காக்க வைக்காதே. கலக்கு."

கலக்கிக் கொண்டு வந்தேன். "நீங்க குடுங்க"ன்னு பாட்டிலை நீட்டினேன். தலையை ஆட்டிட்டு துரையைத் தூக்கி என் மடியில வச்சாங்க. வாயில வச்ச உடனே அழுகை நின்னுச்சு. ரெண்டு கையாலயும் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி, மடக்கு மடக்குன்னு அவன் குடிக்கறான். அண்ணி எதிர்ல உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. முழுசா குடிச்சு, வாய் தன்னால திறந்து, அப்படியே தூங்கிப் போனான்.

நிமிந்து பாக்கறேன், அண்ணி நைட்டியோட முன் பக்கம் ரெண்டு பக்கமும் நனைஞ்சிருக்கு. நனைஞ்சுக்கிட்டே இருக்கு. அவன் அழுத அழுகைக்கு இப்பத்தான் இறங்கியிருக்கு. எவ்வளவோ நாளா பம்ப்புக்கு வராத பால், மடி வரைக்கும் வழியுது. அண்ணி அதைக் கையால மூடக்கூட இல்ல.

எனக்குப் பதறிப் போச்சு. "அண்ணி, பால் அண்ணி! இருங்க, பம்ப்பை எடுத்துட்டு வர்றேன்."

அண்ணி தூங்கற துரையை ஒரு தடவை பாத்தாங்க.

"யாருக்கு?"ன்னு கேட்டாங்க.